அக்கி கண்ணில் இறங்கினால்: மாத்திரை ஒரு வாரமா, ஒரு வருடமா?

இரண்டு நாளாக வலது பக்கத் தலையில் சீப்பு வைக்க முடியவில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். தோல் எரிகிறதாம். எண்ணெய் தேய்த்துப் பார்த்தார், விபூதி பூசிப் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் புருவத்துக்கு மேல் கொத்தாகக் கொப்புளங்கள். நெற்றியின் நடுவில் கோடு போட்டு நிறுத்தியதுபோல இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. மூக்கு நுனியில் மட்டும் தனியாக ஒரு கொப்புளம் இருந்தது. "இது அக்கிதான்டி. வேளார் வீட்டுக்குப் போய் எழுதிட்டு வந்துருவோம்" என்றார்.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். அந்த மூக்கு நுனிக் கொப்புளத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் இருந்த ஹட்சின்சன் என்ற மருத்துவர் கவனித்துச் சொன்ன அடையாளம் அது. மூக்கு நுனிக்குப் போகிற நரம்புக் கிளைதான் கண்ணுக்குள்ளும் போகிறது. அதனால் அங்கே கொப்புளம் வந்தால் கண்ணும் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

அதன் பிறகு எட்டு மாதத்தில் நாங்கள் நாலைந்து முடிவுகள் எடுக்க வேண்டியிருந்தது. சில முடிவுகளில் யோசிக்கவே இடமில்லை. ஒன்றில் மட்டும் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. கவுன்டரில் என்னிடம் இதே கேள்வியோடு வருகிறவர்கள் நிறைய என்பதால், ஒவ்வொன்றையும் எப்படி ஒப்பிட்டுப் பார்த்தோம் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில், கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று சுருக்கமாக. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஏதாவது ஒரு நரம்பு வழியாகத் தோலுக்கு வரும். அதுதான் அக்கி. பத்தில் ஒருவர் இருவருக்கு அது நெற்றி, கண் பக்கத்து நரம்பில் வருகிறது. அப்படி வந்து மருந்து எடுக்காமல் விட்டால் சுமார் பாதிப் பேருக்குக் கண்ணில் ஏதாவது பாதிப்பு வரும். கண்ணின் முன்பக்கக் கண்ணாடி போன்ற கருவிழியில் வரலாம், அதற்குப் பின்னால் நிறம் தெரிகிற ஐரிஸ் வீங்கி யூவியைட்டிஸ் என்கிற உள் அழற்சியாகவும் வரலாம். அம்மாவுக்கு வந்தது இந்த இரண்டாவது.

அக்கி எழுதுவதா, மாத்திரையா

நாங்கள் இரண்டும் செய்தோம். ஆனால் வரிசையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. வைரஸை அடக்கும் முதல் மாத்திரை வாயில் போன பிறகுதான் ஆட்டோ வேளார் வீட்டுப் பக்கம் திரும்பியது.

அக்கி எழுதுவதைக் கேலி பேச எனக்கு மனம் வராது. காவி மண்ணைக் குழைத்து, சிங்கம் வரைந்து, மூன்று நாள் பத்தியம் சொல்லி அனுப்பும்போது நோயாளிக்கு ஒரு தைரியம் கிடைக்கிறது. உடம்பில் வரும் அக்கி இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே காய்ந்துவிடும் என்பதால், எழுதியதால் போனது என்ற நம்பிக்கையும் நிலைத்துவிட்டது. இடுப்பிலோ முதுகிலோ வந்தால் அந்த நம்பிக்கையில் பெரிய சேதம் வருவது குறைவு. கண் பக்கம் அப்படி இல்லை. தோல் காய்ந்த பிறகும் உள்ளே வைரஸ் வேலை பார்க்கும். காவி குழைத்த தண்ணீர் உடைந்த கொப்புளத்தில் பட்டால் சீழ் பிடிக்கும், கண்ணில் வழிந்தால் அது வேறு தொல்லை.

எங்கள் வேளார் அண்ணாச்சி அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். "அக்கா, கண்ணுகிட்ட நான் எழுத மாட்டேன். எங்கப்பாவும் எழுத மாட்டார். பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். அம்மா கேட்டுக்கொண்டதால் தோள்பட்டையில் சின்னதாக ஒரு சிங்கம் வரைந்து அனுப்பினார். காசு வாங்கவில்லை.

கொப்புளம் தெரிந்து 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. அப்படித் தொடங்கினால் கண் பாதிப்பு பாதிப் பேரிலிருந்து சுமார் கால் பங்குப் பேராகக் குறைகிறது. மூன்று நாள் தாண்டிவிட்டது என்பதற்காக விட்டுவிடவும் கூடாது. புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால், கண் சிவந்திருந்தால், மருத்துவர்கள் அதற்குப் பிறகும் தொடங்குகிறார்கள்.

எந்த மாத்திரை

அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ஐந்து வேளை. வாலாசைக்ளோவிர் 1000 மில்லிகிராம் மூன்று வேளை. ஃபாம்சைக்ளோவிர் 500 மில்லிகிராம் மூன்று வேளை. எதுவானாலும் ஏழு முதல் பத்து நாள். வாலாசைக்ளோவிர் என்பது வேறு மருந்து இல்லை. உடம்புக்குள் போய் அசைக்ளோவிராகவே மாறுகிறது. வித்தியாசம் எங்கே என்றால், அசைக்ளோவிர் மாத்திரையில் 15 முதல் 20 சதவீதம்தான் ரத்தத்தில் சேரும். வாலாசைக்ளோவிரில் பாதிக்கு மேல் சேரும். கண் அக்கியில் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்ததில் கண்ணைக் காப்பதில் பெரிய வேறுபாடு இல்லை.

அப்படியானால் மலிவான அசைக்ளோவிரே போதுமே என்று தோன்றும். போதும்தான், ஐந்து வேளையும் விடாமல் போட்டால். என் அனுபவத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் அந்த ஐந்தில் மூன்றைத்தான் போடுகிறார்கள். மத்தியானத் தூக்கத்தில் ஒன்று போகும், ராத்திரி ஒன்று மறந்துபோகும். அதனால் கூடப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிற வீட்டுக்கு அசைக்ளோவிர், தனியாக இருப்பவருக்கு வாலாசைக்ளோவிர் என்றுதான் நான் நினைக்கிறேன். அம்மா தனியாக இருக்கிறார். வாலாசைக்ளோவிர் வாங்கினோம். எதை எடுத்தாலும் சிறுநீரகம் பலவீனமானவருக்கு அளவு குறைக்க வேண்டும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்த அளவு தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

மெடிக்கலில் சிலர் அசைக்ளோவிர் கண் களிம்பு மட்டும் கேட்டு வாங்கிப் போகிறார்கள். அக்கியில் கண்ணுக்குள் வரும் அழற்சிக்கு அந்தக் களிம்பு மாத்திரைக்கு மாற்று ஆகாது.

ஸ்டீராய்டு சொட்டு: எப்போது நிறுத்துவது

எங்கள் முதல் சறுக்கல் இங்கேதான். பத்தாம் நாள் தோல் காய்ந்தது, வலது கண் சிவந்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. டவுனில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். உள் அழற்சி என்று சரியாகவே சொன்னார்கள். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சொட்டு பத்து நாளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். பாட்டில் தீர்ந்தது, கண்ணும் வெளுத்தது, நிறுத்திவிட்டோம். படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று அவர்களும் சொல்லவில்லை. இத்தனை வருடம் மருந்து கொடுக்கிற நானும் அன்றைக்குக் கேட்கவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

மூன்றாவது வாரம் அம்மா பாதி ராத்திரியில் போன் பண்ணினார். கண் உருண்டை வெடிக்கிற மாதிரி வலி. மறுநாள் பெரிய கண் மருத்துவமனையில் அழுத்தம் பார்த்தபோது 34. சாதாரணமாக 10 முதல் 21க்குள் இருக்க வேண்டும். உள் அழற்சி வந்தால் பல நேரம் கண் அழுத்தம் இறங்கும். ஆனால் வைரஸ் அழற்சியில் கண்ணுக்குள் இருக்கும் நீர் வடியும் சல்லடையே வீங்கிப்போவதால் அழுத்தம் ஏறும். சிவந்த கண்ணோடு அழுத்தமும் ஏறியிருந்தால் வைரஸை நினை என்று கண் மருத்துவர்கள் சொல்வது அதனால்தான்.

அங்கே இருந்த டாக்டரம்மா, சொட்டு மருந்து போடுவதற்கு முன்னால் ஒரு பஞ்சு நுனியைத் திரித்து அம்மாவின் கருவிழியை மெல்லத் தொட்டுப் பார்த்தார். இடது கண்ணில் தொட்டதும் அம்மா துள்ளினார். வலது கண்ணில் பஞ்சு பட்டும் இமை அசையவே இல்லை. "பார்த்தீங்களா, இந்தக் கண்ணுக்கு உணர்ச்சி குறைஞ்சிருக்கு. தூசி விழுந்தாக்கூட அம்மாவுக்குத் தெரியாது. கண்ணாடி போடாம வெளிய அனுப்பாதீங்க" என்றார். அந்தப் பஞ்சு நுனிதான் எனக்கு எந்த ஸ்கேனைவிடவும் நோயைப் புரியவைத்தது.

இந்தச் சொட்டை வேகமாக நிறுத்துவதா, மெதுவாகக் குறைப்பதா என்றால் பதில் ஒன்றுதான். அக்கி அழற்சியில் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் குறைத்துக்கொண்டு வர வேண்டும். மணிக்கு ஒரு சொட்டில் தொடங்கி, ஆறு வேளை, நான்கு வேளை, இரண்டு, ஒன்று, ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று இறங்க வேண்டும். அதிகம் போட்டால் கண்புரை வரும், சிலருக்கு ஸ்டீராய்டாலேயே அழுத்தம் ஏறும். அந்தப் பயம் நியாயம்தான், அதற்குத்தான் செக்கப். இன்னொன்று: பிரெட்னிசலோன் அசிடேட் பாட்டிலில் மருந்து அடியில் படிந்துகிடக்கும். நன்றாகக் குலுக்காமல் விட்டால் மேலே உள்ள தண்ணீர்தான் கண்ணில் விழுகிறது. கவுன்டரில் எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன்.

அழுத்தத்துக்கு டைமலால் எழுத இருந்தார்கள். அம்மாவுக்கு வீசிங் உண்டு என்று நான் சொன்னதும் டார்ஜோலமைட் என்று மாற்றினார்கள். சொட்டுதானே, உடம்புக்கு என்ன ஆகப்போகிறது என்று இருக்காதீர்கள்; டைமலால் சொட்டு ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சைப் பிடித்துவிடும்.

கண் நீரை எடுத்துப் பார்ப்பதா

எங்களுக்கு அடுத்த பெஞ்சில் முப்பது வயதுத் தம்பி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அக்கியும் இல்லை, கொப்புளமும் இல்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரு கண்ணில் மட்டும் மங்கல், வெளிச்சத்தைச் சுற்றி வானவில், அழுத்தம் 40க்கு மேல். ஒவ்வொரு முறையும் ஸ்டீராய்டு போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கு அன்றைக்குக் கண்ணின் முன் அறையிலிருந்து நீர் எடுத்தார்கள். மரத்துப்போகும் சொட்டு விட்டு, பீட்டாடைன் விட்டு, மெல்லிய ஊசியால் 0.1 மில்லி, அதாவது இரண்டு சொட்டு அளவு. ஊசியைவிடப் பீட்டாடைன்தான் எரிந்தது என்றார். அந்த நீரைப் பிசிஆர் சோதனைக்கு அனுப்பினால் எந்த வைரஸ் என்று தெரியும்.

அம்மாவுக்கு ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். "நெற்றியிலேயே எழுதி ஒட்டியிருக்கே அம்மா, இதுக்கு ஊசி எதுக்கு?" என்றார் டாக்டரம்மா. தோலில் அடையாளம் தெளிவாக இருந்தால் சோதனை தேவையில்லை. அடையாளம் இல்லாமல் ஒரு கண்ணில் திரும்பத் திரும்ப வந்தால், அனுமானத்தில் மருந்து தொடங்குவதைவிட எடுத்துப் பார்ப்பது மேல் என்பது என் கருத்து. காரணம், வைரஸுக்கு வைரஸ் மருந்து மாறும். உதட்டோரத்தில் கொப்புளம் தருகிற ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், அக்கி இரண்டுக்கும் அசைக்ளோவிர் குடும்பம் பயன்படும். அந்தத் தம்பிக்குச் சந்தேகப்பட்டது சைட்டோமெகலோ வைரஸ். 1948இல் போஸ்னர், ஷ்லாஸ்மன் என்ற இருவர் விவரித்த அழுத்த நோய்க்குப் பல பேரிடம் இந்த வைரஸ்தான் காரணம் என்று பிற்பாடுதான் தெரிய வந்தது. ஆசிய நாடுகளில் இதை அதிகம் பார்க்கிறார்கள். அதற்கு அசைக்ளோவிர் ஒன்றும் செய்யாது. கேன்சைக்ளோவிர் ஜெல்லோ வால்கேன்சைக்ளோவிர் மாத்திரையோ வேண்டும். மாத்திரை வேகமாகக் கேட்கும், ஆனால் ரத்த அணுக்களைக் குறைக்கும், விலையும் அதிகம், அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். ஜெல்லில் அந்த ஆபத்து இல்லை. பல மாதம் விடாமல் போட வேண்டும். தவறான மாத்திரையை ஆறு மாதம் சாப்பிட்டு, அந்த ஆறு மாதமும் கண் நரம்பு அழுத்தத்தில் தேய்ந்தால் அதைத் திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. சோதனையில் ஒன்றும் வராமல் போவதும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு சொட்டில் எல்லா நேரமும் வைரஸ் சிக்காது.

ஒரு வருட மாத்திரை

நான் அதிகம் தூக்கம் தொலைத்த முடிவு இது. நான்காவது மாதம், சொட்டு ஒரு வேளைக்கு இறங்கியிருந்தபோது, அம்மாவுக்கு மறுபடி அழற்சி. இனி சொட்டோடு நிறுத்தி, வரும்போது பார்த்துக்கொள்வதா? இல்லை, தினம் ஒரு வாலாசைக்ளோவிர் 1000 மில்லிகிராம் ஒரு வருடம் போடுவதா?

ஒரு வருட மாத்திரை என்ற யோசனையே ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸிலிருந்து வந்தது. 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 703 பேருக்கு, அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் இரு வேளையோ மருந்தில்லாத வெறும் மாத்திரையோ ஒரு வருடம் கொடுத்தார்கள். வெறும் மாத்திரைக்காரர்களில் 32 சதவீதம் பேருக்குக் கண் நோய் திரும்பியது, மருந்து எடுத்தவர்களில் 19 சதவீதம் பேருக்கு. அதைப் பார்த்துவிட்டு அக்கிக்கும் அதே அளவில் கொடுத்துவந்தார்கள். ஆனால் அக்கி வைரஸுக்கு அசைக்ளோவிர் கூடுதலாகத் தேவைப்படும். சிம்ப்ளெக்ஸின் அளவு இதற்குப் பொருந்தும் என்று யாரும் நிரூபித்திருக்கவில்லை.

அதைச் சோதித்துப் பார்க்க முன்னின்றவர் எலிசபெத் கோஹன். அமெரிக்காவில் கருவிழி அறுவை நிபுணராக இருந்தவர். 2008இல் அவருக்கே கண்ணில் அக்கி வந்து பார்வை குறைந்து, அறுவை செய்வதை விட வேண்டியதாயிற்று. அதன் பிறகு நியூயார்க்கிலிருந்து இந்த ஆய்வை நடத்தினார். அமெரிக்கா, கனடா, நியூசிலாந்தில் 527 பேர். ஒரு வருடம் தினம் வாலாசைக்ளோவிர் 1000 மில்லிகிராம் அல்லது வெறும் மாத்திரை. 2024இல் முடிவு வந்தது. 12 மாதத்தில் நோய் திரும்புவதிலோ மோசமாவதிலோ உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. 18ஆவது மாதத்தில் பார்த்தபோது மருந்து எடுத்தவர்களுக்கு அந்த ஆபத்து சுமார் கால் பங்கு குறைந்திருந்தது. பல முறை திரும்பத் திரும்ப வந்தவர்களும் குறைவு.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? ஆய்வு முதலில் வைத்துக்கொண்ட கேள்விக்கு விடை "நிரூபணம் ஆகவில்லை" என்பதுதான். அதை மறைத்துவிட்டு 18 மாதக் கணக்கை மட்டும் காட்டி மாத்திரை விற்கக் கூடாது. அதே நேரத்தில், அடிக்கடி திரும்பும் கண்ணுக்குக் கால் பங்கு குறைவது சின்ன விஷயமும் இல்லை. ஒவ்வொரு தாக்குதலும் ஐரிஸில் ஒரு துண்டை வெளிறவைத்து, கண் பாப்பாவைக் கோணலாக்கி, அழுத்தத்தை ஏற்றிவிட்டுப் போகிறது.

ஒரே ஒரு முறை வந்து, சொட்டை மெதுவாகக் குறைத்ததில் அடங்கிப்போனவருக்கு நான் ஒரு வருட மாத்திரை சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று முறை திரும்பியவருக்கு, அழுத்தம் ஏறுகிறவருக்கு, ஒரே கண்ணில்தான் நல்ல பார்வை என்று இருப்பவருக்குச் சொல்வேன், கிரியேட்டினின் ஒத்துழைத்தால். ஆனால் "எத்தனை முறை திரும்பியது" என்று எண்ணும் முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: சொட்டைச் சட்டென்று நிறுத்தியதால் வந்ததை வைரஸின் கணக்கில் எழுதக் கூடாது. அம்மாவின் மூன்றாவது வாரத் தாக்குதல் அப்படிப்பட்டது. நான்காவது மாதத்தில் வந்தது, எல்லாம் ஒழுங்காகக் குறைத்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. டாக்டரம்மாவும் இதைத்தான் தராசில் வைத்தார்.

செலவும் இருக்கிறது. 365 மாத்திரை. அம்மாவின் பென்ஷனில் அது சுமைதான். மலிவாக அசைக்ளோவிர் 400 இரு வேளை போட்டால் என்ன என்று நானே கேட்டேன். சிம்ப்ளெக்ஸாக இருந்தால் தாராளமாகப் போடலாம், அக்கிக்கு அந்த அளவை நம்பி ஒரு வருடத்தை விட மனசில்லை என்றார் டாக்டரம்மா. பிராண்டை விட்டு ஜெனரிக் எழுதித் தந்தார், செலவு கைக்கு அடங்கியது. வாலாசைக்ளோவிர் தொடங்கினோம்.

எந்த வழியில் இருந்தாலும் ஒரு விஷயத்தில் தாமதம் கூடாது. கண்ணில் திடீரென்று கறுப்புப் புள்ளிகள் மழையாக மிதந்தால், பார்வை மளமளவென்று இறங்கினால், வைரஸ் விழித்திரைக்குப் போயிருக்கலாம். அது அன்றைக்கே மருத்துவமனை. ரத்த நாளத்தில் அசைக்ளோவிரோ அதிக அளவு வாலாசைக்ளோவிரோ, தேவைப்பட்டால் கண்ணுக்குள் ஊசியும் சேர்த்து. வாரக்கணக்கில் யோசிக்கிற நோய் இல்லை அது, மறு கண்ணுக்கும் பரவலாம்.

தடுப்பூசி

அக்கித் தடுப்பூசியான ஷிங்ரிக்ஸ் 2023இலிருந்து இந்தியாவில் 50 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிடைக்கிறது. இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. பெரிய ஆய்வில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அக்கி வராமல் தடுப்பதில் 97 சதவீதப் பலன், 70 தாண்டியவர்களுக்கும் 90ஐ ஒட்டி. விலை அதிகம், அதனால்தான் நம் ஊரில் யாரும் வாயைத் திறந்து கேட்பதில்லை. இன்னும் அக்கி வராத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், முடிந்தால் போட்டுவிடுங்கள் என்று நான் மனதாரச் சொல்வேன். எங்கள் பெரியம்மாவுக்கு முதல் ஊசி போட்டாயிற்று.

ஏற்கெனவே கண்ணில் வந்தவருக்குக் கணக்கு வேறு. அந்தக் கண்ணில் இருக்கிற அழற்சியைத் தடுப்பூசி ஆற்றாது. ஊசி போட்ட பிறகு அடங்கியிருந்த அழற்சி கிளம்பியதாகவும் சிலரிடம் பதிவுகள் உண்டு. அதனால் கண் நன்றாக அடங்கிய பிறகு, கண் மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் போடலாம் என்கிறார்கள்.

அம்மாவுக்கு இது மாத்திரையின் நான்காவது மாதம். நடுவில் ஒரு முறை லேசாகச் சிவந்தது, சொட்டை ஒரு வேளை கூட்டியதில் அடங்கியது. அழுத்தம் 16. கிரியேட்டினின் 0.9. வலது கண்ணில் பாப்பா கொஞ்சம் கோணலாகவே நின்றுவிட்டது. இப்போது அம்மா பாட்டிலை எடுத்தால், நான் சொல்லாமலே காதுக்குப் பக்கத்தில் வைத்து பத்து வரை எண்ணிக் குலுக்குகிறார்.